புயலுக்குப் பின் அடுப்பும் விளக்கும்



வெள்ளம் புகுந்த வீட்டில் முதலில் அணைவது அடுப்பு, அடுத்தது விளக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையால் வேளச்சேரி முதலிய தென்சென்னைப் பகுதிகள் நீரில் நின்றன. மின்சாரமும் இல்லை, கூலியும் இல்லை. அரசு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் அறிவித்து, டிசம்பர் 17ஆம் நாள் வேளச்சேரியில் தொடங்கி, நியாயவிலைக் கடைகளின் வாயிலாக ரொக்கமாகவே வழங்கிற்று. 2015 வெள்ளத்தின்போது 5,000 ரூபாய் வங்கிக் கணக்கில் சேர்க்கப்பட்டது. இவ்விரண்டில் ரொக்கமே மேலென்பது நம் கருத்து. அரிசிக்கும் விறகுக்கும் காசு வேண்டிய நாளில் வங்கிப் புத்தகத்தை எங்கே தேடுவது? அதுவுமல்லவா நனைந்து போயிருக்கும்!

ஆயினும் ரொக்கம் பெறவும் குடும்ப அட்டை வேண்டும். டோக்கன் அட்டைதாரருக்கே முதலில் கிடைத்தது. அட்டையில்லாதோர் விண்ணப்பம் எழுதித் தந்து காத்திருந்தனர். நம் ஊர்களிலிருந்து மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் பிழைக்கச் சென்றோர் அட்டைகள் பல இன்னும் ஊர் விலாசத்திலேயே இருக்கின்றன. ஆடித் திருவிழாவுக்கு வருவோரிடம் இதைக் கேட்டு, விலாசத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஊரிலும் இதே கதைதான். சேதமுற்ற குடிசைக்கான நிவாரணம் அவ்வாண்டு 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆயிற்று. பாதிக்கப்பட்ட நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாயிலிருந்து 17,000 ஆயிற்று. தொகை உயர்ந்தாலும், கணக்கில் ஏறாத வீட்டுக்கு அது வந்து சேராது. கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுக்க வரும்போது அங்கத்தினர் ஒருவர் உடன் செல்க. தனித்து வாழும் முதியோர் வீடே பெரும்பாலும் விடுபடுகிறது.

அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபையில், மழைக்கு முன்பே, அட்டையில்லாத குடும்பங்களின் பெயர்களை எழுதிக் கொடுங்கள். விண்ணப்பம் நிரப்ப நம் அலுவலகத்திலிருந்து ஒருவரை அனுப்பி வைக்கிறோம்.