ஒரு போத்தல் போமலின்

மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்தது பல்லேகம. 2018 ஆம் ஆண்டில் களு கங்கை நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியதும் பழைய ஊர் நீருள் மூழ்கிற்று; மக்கள் புதிய லக்கல நகருக்குப் பெயர்ந்தனர். களு கங்கை அம்பன் கங்கையிலும், அம்பன் கங்கை மகாவலியிலும் சேர்கின்றன. ஆகவே, இவ்விடத்து நீரில் விழும் எதுவும் இவ்விடத்தோடு நின்றுவிடுவதில்லை.

இத்தகையதோர் ஊரின் உயிரியல் ஆய்வுகூடத்தை எண்ணிப் பார்க்கலாம். அலுமாரியில் தவளையும் மீனும் போத்தல்களில் மிதக்கின்றன. நாட்பட்ட மாதிரிகளை அகற்றும் நாளில் எஞ்சிய திரவத்தை என் செய்வது? "நீர் கலந்த மருந்துதானே, தொட்டியில் ஊற்றிவிடு" என்பதே பலரிடமிருந்து வரும் விடை.

அத்திரவம் போமலின். போமல்டிகைட்டு என்னும் வாயு ஏறத்தாழ நூற்றுக்கு 37 பங்கு கரைந்த நீரே அது. 1893 இல் ஜெர்மனியரான பெர்டினாந்து புளூம், அதனை ஆராய்கையில் தம் விரற்றோல் இறுகக் கண்டு, இழையங்களைப் பதப்படுத்த அது உதவும் என உணர்ந்தார். புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்குவதே அதன் தொழில். இறந்த தவளையை அழுகாது காப்பதும், உயிருள்ள கலத்தைக் கொல்வதும் அந்த ஒரே தொழிலன்றோ? 2004 இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பனவற்றுள் சேர்த்தது.

போமலின் ஒரு பங்குக்கு நீர் ஒன்பது பங்கு சேர்ப்பதே ஆய்வுகூட வழக்கம். அவ்விளங்கரைசலின் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 40 கிராம் போமல்டிகைட்டு உண்டு. மீன் வளர்ப்போர் கணக்கின்படி, அந்த ஒரு லீற்றர் 20,000 லீற்றர் குளநீரிற் கலந்தால், ஒவ்வொரு லீற்றரிலும் கரைந்துள்ள ஒட்சிசனில் சுமார் ஒரு மில்லிகிராம் குறையும். 1991 இல் அறிவியற் பெயர் பெற்ற, அம்பன் கங்கைப் படுகைக்கே உரிய கெண்டையினம் ஒன்று இந்நீர்களிலேதான் வாழ்கின்றது. தொட்டிக் குழாய் மலக்குழிக்குச் செல்லுமாயின், அங்கே கழிவைச் செரிக்கும் பற்றீரியாக்கள் மடியும். செரியாத கழிவு மண்ணுள் ஊறும்.

எனவே செய்யத்தக்கது யாதெனில், கழிவை மூடி இறுகிய பிளாஸ்திக்குக் கலன் ஒன்றிற் சேர்த்தலாகும். மாதிரியை முதன்முதற் கழுவிய நீரும் அதிலேயே சேர வேண்டும். பொருளின் பெயர், செறிவு, தேதி ஆகியவற்றைக் கலனில் எழுதி ஒட்டுதல் வேண்டும். வேலை செய்வோர் கையுறையும் கண் காப்பும் அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் நிற்றல் வேண்டும். வெளிற்றும் தூளையோ அமிலத்தையோ அதனுடன் கலத்தல் கூடாது; ஐதரோகுளோரிக்கு அமிலம் சேரின் அதனினும் கொடிய புற்றுநோய்ப் பொருள் பிறக்கக் கூடும். வெயிலில் வைத்து வற்றவிடுதலும் அகற்றலன்று. நஞ்சை நீரினின்று மூச்சுக்கு மாற்றுவதேயாகும்.

சோடியம் இருசல்பைற்று போமல்டிகைட்டுடன் சேர்ந்து அதன் வேகத்தை அடக்கும். எனினும் அப்பணி பயிற்சி பெற்றவர்க்கே உரியது. அதன் பின்னரும் சோதித்தறியாமல் வெளிவிடலாகாது. இலங்கையில் தீங்கு பயக்கும் கழிவுகளைக் கையாளுதல், 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் 2008 இல் ஆக்கப்பட்ட விதிகளுக்கு அமைவது. சேர்ந்த கலன்களை, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்றோரிடம் ஒப்படைத்தலே நேரிய வழி. சிறு பாடசாலைகள் பல ஒன்றுகூடி இதனைச் செய்யின் செலவும் குறையும்.

அனைத்தினும் மேலானது கழிவைக் குறைத்தல். மாதிரி இறுகியபின் நன்கு கழுவி, நூற்றுக்கு 70 பங்கு மதுசாரத்துக்கு மாற்றின், மேலும் போமலின் வேண்டியதில்லை. ஆயின் மதுசாரம் தீப்பற்றும் என்பதை மறத்தலாகாது. சிறிய மாதிரிக்குச் சிறிய போத்தலே போதும்.

உயிரைப் பற்றிக் கற்பிக்கும் கூடம், தன் தொட்டிக்கு அப்பால் வாழும் உயிர்களையும் பாடத்திற் சேர்த்துக்கொள்ள வேண்டும். மலையடிவாரத்திற் புறப்படும் நீரைச் சமவெளியில் யாரோ ஒருவர் ஏந்திப் பருகுகின்றார்.