பொது நிலத்துப் பாதைகளும் அவற்றின் செலவும்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

பாதை போடுவதற்குப் பணம் தேடுவது ஒரு காரியம். போட்ட பாதையைக் காப்பாற்றப் பணம் தேடுவது மற்றொரு காரியம். முதலாவதற்கு உற்சாகம் போதும். இரண்டாவதற்கு ஒழுங்கான கணக்கு வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டில், பொது நிலங்களின் வழியே நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் அமைத்துள்ள பாதைகளை இதற்கு உதாரணமாகக் கூறுவேன். அங்கே உதவி மூன்று வழிகளில் வருகிறது.

முதல் வழி சர்க்கார் நிதி. 1964-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் நில, நீர்ப் பாதுகாப்பு நிதி ஏற்பட்டது. கடலடியில் எண்ணெயும் வாயுவும் எடுக்கும் கம்பெனிகள் சர்க்காருக்குச் செலுத்தும் தொகையே அதற்கு முக்கிய ஆதாரம். வருஷத்திற்கு 90 கோடி டாலர் வரை அனுமதி இருந்தும், பல்லாண்டுகள் அதில் ஒரு பகுதியே கிடைத்தது. முழுத் தொகையும் ஆண்டுதோறும் கிடைக்கவேண்டுமென்பது 2020-ஆம் வருஷத்தில்தான் சட்டமாயிற்று. ஏட்டிலுள்ள பணம் பெட்டியிலுள்ள பணமாகாது என்பதை நம் பொக்கிஷதார்கள் நன்கு அறிவார்கள்.

இரண்டாவது வழி, அனுபவிப்போர் கொடுப்பது. விஸ்கான்ஸின் மாகாணத்தில் எல்ராய், ஸ்பார்ட்டா என்னும் ஊர்களுக்கிடையே கைவிடப்பட்ட ரயில் பாதையை 1965-இல் மாகாண சர்க்கார் வாங்கிற்று. மூன்று குகைகளினூடே செல்லும் அவ்வழி இன்று சுமார் 32 மைல் நீளமுள்ள சைக்கிள் பாதையாக விளங்குகிறது. பதினாறு வயதும் அதற்கு மேலும் உள்ள சைக்கிள்காரர்கள் அங்கே சீட்டு வாங்கவேண்டும், நடப்பவர்களுக்குக் கட்டணமில்லை. கால்நடையாய்ச் செல்பவனிடம் காசு கேளாதது நியாயமான ஏற்பாடே.

மூன்றாவது வழி உழைப்பு. 1991-இல் ஏற்பட்ட உல்லாசப் பாதைத் திட்டத்தின்படி, செலவில் பொதுவாக நூற்றுக்கு எண்பது பங்கு வரை மத்திய சர்க்கார் கொடுக்கும். எஞ்சியதை உள்ளூரார் தேடவேண்டும். தொண்டர்களின் உழைப்பையும் நன்கொடையாக வந்த சாமான்களையும் விலைமதித்து அப்பங்கில் சேர்க்க இடமுண்டு. பணமில்லாத ஊரும் இவ்வாறு பங்குதாரர் ஆகலாம்.

இவ்வுழைப்பின் பெருமைக்கு அப்பலேச்சிய மலைப்பாதை சாட்சி. பெண்டன் மக்கை என்பவர் 1921-இல் வெளியிட்ட யோசனை 1937-இல் நிறைவேறியது. பதினான்கு மாகாணங்களைக் கடந்து ஏறக்குறைய 2,190 மைல் செல்லும் அப்பாதையை, சுமார் முப்பது சங்கங்களின் தொண்டர்கள் பகுதி பகுதியாகப் பொறுப்பேற்றுப் பாதுகாக்கின்றனர்.

பாதைக்குப் பெரும் பகை தண்ணீர். வடிகால் தூர்ந்தால் மழைநீர் பாதையின் மேலேயே ஓடி மண்ணை அரிக்கும். ஒரு நாள் மண்வெட்டி வேலையால் தீரும் குறை, விட்டுவிட்டால் பாதையையே புதிதாகப் போடும் செலவாகும். அந்நாட்டில் பொது நிலங்களிலுள்ள கட்டடம், சாலை, பாதை முதலியவற்றின் மராமத்து நெடுங்காலம் ஒத்திவைக்கப்பட்டது. அதன் பயனாக, 2020-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே, ஐந்து வருஷங்களுக்கு ஆண்டொன்றுக்கு 190 கோடி டாலர் வரை அதற்கென ஒதுக்க நேர்ந்தது.

ஆகையால், எந்தப் பொதுப் பாதைக்கும் திட்டம் வகுக்கும்போது மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்வீர்களாக. போடும் செலவு யாருடையது? வருஷாந்தர மராமத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? எந்தப் பகுதியை யார் பார்த்துக்கொள்வார்? மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னரே முதல் மண்வெட்டியை எடுப்பது விவேகம்.