விரல் வைக்குமுன் படியுங்கள்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



நம் பாட்டன்மாரில் பலர், காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே கைநாட்டு வைத்துக் கப்பலேறியவர்கள். அந்த ஒப்பந்தக் கூலி முறையில் ஆள் சேர்ப்பது 1910-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. இன்றோ, எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் கைப்பேசி விளையாட்டில் "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பொத்தானைப் படிக்காமலே அழுத்துகிறார்கள்.

"ஏன் தம்பி படிக்கலே?" என்று ஒரு மாணவனைக் கேட்டேன். "படிச்சு என்ன ஐயா செய்றது? ஒப்புக்கலேன்னா விளையாடவே விடமாட்டாங்களே!" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் உண்டு. சந்தையில் மீனுக்குப் பேரம் பேசலாம். இங்கே பேச முடியாது. அந்த நீண்ட காகிதத்தில் பெரும்பாலும் என்ன இருக்கும்? நீ காசு கொடுத்து வாங்கிய வாளும் உடையும் உனக்குச் சொந்தமல்ல, பயன்படுத்த அனுமதி மட்டுமே. கணக்கை நாங்கள் மூடலாம். பணம் திரும்பாது. வழக்கென்றால் எங்கள் ஊருக்கு வா.

அப்படியானால் பொத்தானை அழுத்தியவனுக்கு உரிமையே இல்லையா? இருக்கிறது.

அமெரிக்காவில் 'செகண்ட் லைஃப்' என்ற இணைய உலகில் ஒரு வழக்கறிஞர் கற்பனை நிலம் வாங்கினார். முறைகேடாக வாங்கினார் என்று சொல்லி, 2006-இல் நிறுவனம் அவர் கணக்கை முடக்கியது. அவர் பென்சில்வேனியாவில் வழக்குப் போட்டார். "எங்கள் ஊர் சான் பிரான்சிஸ்கோவில், மத்தியஸ்தர் முன்தான் பேச வேண்டும், ஒப்புக்கொண்டீரே" என்றது நிறுவனம். 2007 மே மாதத்தில் நீதிமன்றம், பேரம் பேச இடமில்லாத அந்த மத்தியஸ்த நிபந்தனை ஒருதலைப்பட்சமானது, செல்லாது என்றது. பிறகு இரு தரப்பும் சமாதானமாகிவிட்டன.

நம் மலேசியாவிலும் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளைப் பற்றிய பகுதி அதில் 2011 முதல் நடப்பில் உள்ளது. பேரம் பேச இடமிருந்ததா, எழுத்து பொடியாக, புரியாதபடி இருந்ததா என்றெல்லாம் பார்த்து, நியாயமற்ற நிபந்தனையைச் செல்லாததாக்கலாம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் வெளிநாட்டு நிறுவனத்திடம் பணத்தை மீட்பது சுலபமல்ல. ஆகவே வருமுன் காப்பதே மேல்.

பெற்றோர்களே, பிள்ளை காசு கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: பணம் திரும்புமா? கணக்கை யார் மூடலாம்? தகராறு எங்கே தீரும்? உங்களுக்குப் படிக்க வராவிட்டால் வெட்கப்படாதீர்கள். பிள்ளையையே உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் பாட்டனுக்குப் படித்துச் சொல்ல அன்று ஆளில்லை. இன்று உங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவர் நீங்கள்தான். படித்த பிறகு விரல் வையுங்கள்.