கொலஸ்ட்ரால் நார்மல், அப்புறம் எதுக்கு மாத்திரை?

போன மாசம் கீழவைப்பார்ல இருந்து சித்தப்பா வாட்ஸ்அப்ல ஒரு ரிப்போர்ட் அனுப்பினார். வயசு 58, கடல் தொழில், பல வருஷமா சுகர். கிட்னி வேலையைக் காட்டுற ஈஜிஎஃப்ஆர் 36. அதாவது கிட்னி பாதிக்கு மேல தளர்ந்துபோச்சு. டாக்டர் அட்டார்வாஸ்டாட்டின் எழுதியிருக்கார், இவர் வாங்கவே இல்ல. "கொழுப்பு நார்மல்னு போட்டிருக்கேடா, எதுக்கு மாத்திரை?"

நியாயமான கேள்விதான். எல்டிஎல் 96. யார் பார்த்தாலும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க.

ஆனா கிட்னி கெடும்போது கொழுப்போட குணமே மாறிடுது. ட்ரைகிளிசரைடை ரத்தத்துல இருந்து அப்புறப்படுத்துற வேகம் குறையுது. எச்டிஎல் குறையும், இருக்கிறதும் ஒழுங்கா வேலை செய்யாது. எல்டிஎல் அளவு சாதாரணமா இருந்தாலும், அதுல ரத்தக்குழாய்ச் சுவர்ல எளிதா நுழையுற சின்னச் சின்ன துகள்கள் கூடிடும். சித்தப்பாவோட மொத்த கொலஸ்ட்ரால் 178, எச்டிஎல் 32. கழிச்சுப் பாருங்க, 146. 'நான் எச்டிஎல்'னு சொல்ற இந்தக் கணக்குல கெட்ட கொழுப்பு மொத்தமும் அடங்கும். அது 130-க்குள்ள இருந்தா நல்லதுன்னு பொதுவா சொல்லுவாங்க. ட்ரைகிளிசரைடு வேற 250!

கிட்னி நோயாளிகள்ல நிறைய பேர் டயாலிசிஸ் வரைக்கும் போறதே இல்ல. அதுக்கு முன்னாடியே இதயம் காலை வாரிடுது. அதனாலதான் கேடிகோங்கிற சர்வதேச கிட்னி அமைப்பு 2013-ல சொன்னது: 50 வயசு தாண்டி, நாள்பட்ட கிட்னி நோய் இருந்து, டயாலிசிஸ்ல இல்லன்னா, எல்டிஎல் எவ்வளவுன்னு பார்த்துக் காத்திருக்காம ஸ்டாடின் கொடுக்கலாம். 2011-ல வந்த ஷார்ப் ஆய்வுல 9,000 பேருக்கு மேல இருந்தாங்க. கொழுப்பைக் குறைக்கிற மாத்திரை எடுத்தவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி அடைப்பால வர்ற பெரிய பாதிப்புகள் 17 சதவீதம் குறைஞ்சது.

இன்னொரு பக்கமும் இருக்கு. ஜெர்மனியில டயாலிசிஸ்ல இருந்த 1,255 சுகர் நோயாளிகளை வச்சு நடந்த 4டி ஆய்வு 2005-ல வெளியாச்சு. அங்க அதே அட்டார்வாஸ்டாட்டினால பெரிய பலன் தெரியல. அந்தக் கட்டத்துல ரத்தக்குழாய்ல கால்சியம் படிஞ்சு இறுகியிருக்கும், இதயத் துடிப்பே தடுமாறும். கொழுப்பைக் குறைச்சு அதைச் சரிபண்ண முடியாது. அதனால டயாலிசிஸ் ஆரம்பிச்ச பிறகு ஸ்டாடினைப் புதுசா தொடங்க வேண்டாம், முன்னாடியே எடுத்துட்டிருந்தா தொடரலாம்னுதான் அதே கேடிகோ சொல்லுது. இன்னும் மோசம், டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்குக் கொலஸ்ட்ரால் ரொம்பக் குறைஞ்சா, பல நேரம் அது உடம்பு உருகுறதோட அடையாளம்.

இதைத்தான் சித்தப்பாகிட்ட சொன்னேன். "வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை தூத்துக்குடிக்கு டயாலிசிஸுக்குப் போற நிலைமை வந்த பிறகு இந்த மாத்திரையைத் தேடிப் பிரயோசனமில்ல சித்தப்பா. உங்களுக்கு இப்பதான் நேரம்."

வாங்கிட்டார். தசை வலி பலமா இருந்தாலோ, சிறுநீர் கருத்துப் போனாலோ உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்கன்னேன். "வலை இழுக்கிறவனுக்கு வலி இல்லாத நாள் ஏதுடா"ன்னு சிரிக்கிறார்.