இலவச சிப்ஸ் தீர்ந்த பிறகு



2003-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கணக்கராக வேலை பார்த்துவந்த கிறிஸ் மணிமேக்கர், போக்கர்ஸ்டார்ஸ் என்ற இணையச் சீட்டாட்டத் தளத்தில் 86 டாலர் கட்டி ஒரு தகுதிப் போட்டியில் நுழைந்தார். அதன் வழியாக லாஸ் வேகாஸில் நடக்கும் உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் அவருக்கு இடம் கிடைத்தது. நேரடியாகச் சேர 10,000 டாலர் கேட்கும் போட்டி அது. 839 பேர் ஆடினார்கள். முதலிடம் பிடித்த அவருக்கு 25 லட்சம் டாலர் பரிசு. மறு வருடம் அதே போட்டிக்கு 2,576 பேர் திரண்டார்கள்.

இத்தகைய போட்டிகளில் பணம் எப்படிப் புரள்கிறது? நூறு பேர் தலைக்கு 11 டாலர் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். பத்து டாலர் பரிசுத் தொகைக்குப் போகும், ஒரு டாலர் நடத்துபவருக்கு. யார் ஜெயித்தாலும் நடத்துபவரின் 100 டாலர் பத்திரம். மீதி ஆயிரம் டாலரை முதல் பத்துப் பதினைந்து பேர் பிரித்துக்கொள்ள, மற்றவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். ஆனாலும் இதில் ஒரு நியாயம் உண்டு: எவ்வளவு போகும் என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே தெரிந்துவிடுகிறது.

அந்த வரம்பை உடைப்பது ‘ரீபை’, அதாவது மறுபடி காசு கட்டி ஆடுவது. ஸ்லாட் இயந்திரப் போட்டியைக் கவனித்தால் இது விளங்கும். எல்லோருக்கும் ஒரே அளவு கிரெடிட், ஐந்து நிமிட அவகாசம். மிச்சமாகும் கிரெடிட்டைக் காசாக்க முடியாது. ஆகவே விரல் ஓயாமல் பொத்தானைத் தட்டுகிறது. எந்தப் படம் வந்து நிற்கும் என்பதைக் கணினி தரும் தற்செயல் எண்தான் முடிவு செய்கிறது. திரையோரத்தில் தரவரிசை நொடிக்கு நொடி மாறுகிறது. பதினான்காம் இடத்திலிருந்தவர் பதினொன்றுக்கு ஏறுகிறார். பரிசோ பத்துப் பேருக்குத்தான். நேரம் முடிகிறது. உடனே, ‘கட்டணம் செலுத்தி மீண்டும் ஆடலாம்’ என்று ஒரு பொத்தான் ஒளிர்கிறது. மயிரிழையில் பரிசைத் தவறவிட்டவரால் அந்த நொடியில் நிதானமாகக் கணக்குப் பார்க்க முடியாது. பொத்தான் அந்த நேரம் பார்த்து வருவது ஆகப் பெரிய அநீதி.

நுழைவுக் கட்டணமே வாங்காத தரவரிசைப் போட்டிகளும் உண்டு. அவற்றில் எதற்குப் புள்ளி தருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பந்தயம் வைத்த மொத்தத் தொகைக்குப் புள்ளி என்றால், அதிகம் செலவழிப்பவரே மேலே ஏறுவார். வைத்த தொகையைப்போல எத்தனை மடங்கு வென்றார் என்று கணக்கிட்டால், சிறு தொகை வைப்பவருக்கும் வாய்ப்பு இருக்கிறது.

அடுத்தது சமூக காசினோ. இங்கே காசு வெல்லவே முடியாது. செயலியை இறக்கியதும் சிப்ஸ் இலவசமாகக் கிடைக்கும். நண்பர்களோடு போட்டி போடலாம். சிப்ஸ் தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், அல்லது விலைக்கு வாங்க வேண்டும். ‘பிக் ஃபிஷ் காசினோ’ என்ற செயலியில் இந்த விலை 1.99 டாலரில் தொடங்கி ஏறக்குறைய 250 டாலர் வரை போனது. ஆயிரம் டாலருக்கு மேல் இழந்த ஒரு பெண், அப்போது அதன் உரிமையாளராக இருந்த சர்ச்சில் டவுன்ஸ் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தார். கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தை நடத்தும் நிறுவனம் அது.

பணமாக மாற்ற முடியாத சிப்ஸுக்கு மதிப்பு ஏது என்று கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2018 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. சிப்ஸ் இருந்தால்தான் தொடர்ந்து ஆட முடியும். அந்த வாய்ப்பே ஒரு மதிப்புதான். எனவே வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி இது சூதாட்டம் என்றது. பிறகு வழக்கு 15.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு ஆடியவர்களின் பக்கம் நின்று பார்த்த ஒன்று. கையிலிருந்து போன காசு உண்மையான காசு அல்லவா?

இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்து, பந்தயமில்லாத சமூக விளையாட்டுகளை அனுமதிக்கிறது. சமூக விளையாட்டுக்குச் சந்தாவோ ஒருமுறை நுழைவுக் கட்டணமோ வாங்கலாம். ஆனால் காசு கொடுத்து வாங்கும் காயின், டோக்கன், கிரெடிட் போன்றவற்றையும், அவை திரையில் மட்டுமே இருந்தாலும், பந்தயப் பொருள் என்ற வரையறைக்குள் அந்தச் சட்டம் சேர்த்திருக்கிறது.