எட்டாம் வகுப்பிலேயே தொடங்கும் கல்லூரிக் கணக்கு

மொரப்பூர் ரயில் நிலையத்தில் காலை வண்டிக்காகக் காத்திருக்கும் அப்பா அம்மாக்களே, உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பா? அப்படியானால் இந்தத் தகவல் உங்களுக்குத்தான்.

என்.எம்.எம்.எஸ். என்றொரு உதவித்தொகைத் தேர்வு. எட்டாம் வகுப்பில் எழுத வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. தேர்வானால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், பிள்ளையின் வங்கிக் கணக்கிலேயே வந்து சேரும். நான்கு ஆண்டில் 48,000! தக்காளி விலை விழுந்த வருஷத்தில் இதைத் தொடாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதியையாவது கல்லூரிக்கென்று விட்டுவையுங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்தால் பணம் நின்றுவிடும்.

இன்னொன்று. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும், மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடும் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவர்களைத்தான் முக்கியமாகக் கணக்கில் கொள்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றும்முன் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கான வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.