பாய் இறங்க வேண்டும்

(எங்கள் பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டையொட்டிப் பளையில் நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சுகாதாரம் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டிருந்தார். நீரிழிவு பற்றியும் இரத்த அழுத்தம் பற்றியும் இந்த மண்டபத்தில் பலமுறை கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு வள்ளத்தில் பாய் ஏற்றுவதையும் இறக்குவதையும் பற்றிப் பேசுகிறோம். சுகாதாரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. போகப்போகத் தெரியும்.

"நாங்கள்" என்று சொல்வது ஒரே வகுப்பில் இருந்த நான்கு பேரை. ஒருத்தி பௌதிகவியல் ஆசிரியை. ஒருத்தி கிளாலியில் கடற்றொழில் செய்யும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். ஒருத்தி நோர்வேயில், பிள்ளைகளைப் பாய்ப்படகு பழகக் கூட்டிப்போய்த் தானும் பழகிக்கொண்டவள். நாலாவது ஆள், இங்கே நின்று பேசும் டொக்டர்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது உங்களுக்கு ஞாபகமிருக்கும். அதற்கு முன்பே பல நாட்கள் அது கிடைக்கவும் இல்லை. களப்பில் தொழில் செய்கிறவர்களுக்கு எஞ்சின் கட்டுப்படியாகாமல் போனது. வளையில் செருகிக் கிடந்த பழைய பாய்கள் வெளியே வந்தன. ஆனால் பாயோடு பழகிய கைகள் அப்போது வீட்டில் இல்லை. ஐயாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, மகன்மார் கொழும்பிலோ வெளிநாட்டிலோ. இரண்டாவது ஆளாக வள்ளத்தில் ஏற மனைவிதான் மிச்சம். பெண் வள்ளத்தில் ஏறினால் மீன் படாது என்று ஒரு பேச்சு இருந்ததே, அதை யாரும் பெரிதாக எடுத்துப் பேசவில்லை. எண்ணெய் விலை அந்தப் பேச்சை நிறுத்திவிட்டது.

அந்தக் காலத்தில் மருத்துவமனைக்கு வந்த சிலரின் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது, கயிறு ஓடிய தழும்பு. சிலருக்குத் தோளுக்கு மேலே கை தூக்க முடியவில்லை. தோள்மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்கள் நாற்பதுக்குப் பிறகு மெல்லத் தேயும். கையைத் தலைக்கு மேலே வைத்து வெட்டி வெட்டி இழுத்தால் அவை கிழியும். மருந்து கொடுத்து அனுப்பினோம். அடுத்த மாதம் அதே தோளோடு திரும்பி வந்தார்கள். ஒருவர் வந்தது வேறு காரணத்துக்கு. சோளகக் காற்று திடீரென்று ஏறியபோது பாய் பாதியில் இறுகி நின்றுவிட, வள்ளம் சரிந்து, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தண்ணீரில் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். நல்லகாலம், களப்பில் ஆழம் குறைவு.

அதற்குப் பிறகுதான் நாங்கள் நால்வரும் வள்ளத்தைப் போய்ப் பார்த்தோம்.

பாயின் மேல் விளிம்பு ஒரு குறுக்குத்தடியில் கட்டியிருக்கும். பழையவர்கள் பருமல் என்பார்கள். அதைத் தூக்கும் கயிறு, அவர்கள் சொல்லும் ஆஞ்சான், பாய்மர உச்சியில் துளைத்த ஒரு துவாரத்தினூடாகப் போய்க் கீழே வரும். கப்பி கிடையாது. மரத்தின் மேல் கயிறு உரஞ்சிக்கொண்டு ஓடும். எங்கள் பௌதிகவியல் ஆசிரியை கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டாள். கயிறுக்கும் மரத்துக்கும் இடையிலான உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்தால், அரைச் சுற்றுச் சுற்றிய கயிற்றை இழுக்கப் பாரத்தைப் போல இரண்டரை மடங்கு விசை வேண்டும். நனைந்த பாயும் தடியும் 20 கிலோ என்றால் இழுப்பு 50 கிலோ. 48 கிலோ நிறையுள்ள ஒரு அக்கா அந்தக் கயிற்றில் முழுதாகத் தொங்கினாலும் பாய் ஏறாது. அவவிடம் பலம் இல்லை என்று சொல்லி என்ன பயன்? அதே இடத்தில் நன்றாகச் சுற்றும் கப்பி ஒன்றைக் கட்டினால் 22, 23 கிலோ இழுப்புப் போதும். கயிறு கீழ்நோக்கி வருவதால் தோளைப் பாவிக்காமல் உடம்பின் பாரத்தைக் கொடுத்து இழுக்கலாம். பாய்மர அடியில் இன்னொரு கப்பி போட்டுக் கயிற்றைப் பின்பக்கம் திருப்பிவிட்டால், இருந்தபடி காலை உதைத்து இழுக்கலாம். தோளுக்கு நாங்கள் எழுதக்கூடிய நல்ல மருந்து அதுதான்.

அசையும் கப்பி ஒன்று சேர்த்தால் இழுப்பு இன்னும் பாதியாகுமே என்று ஒரு தம்பி கேட்டார். ஆகும். ஆனால் இரட்டிப்பு நீளக் கயிறு ஓடவேண்டும். ஏறும்போது அது பரவாயில்லை. இறங்கும்போது ஒரு பாரமற்ற தடி அவ்வளவு கயிற்றையும் இரண்டு கப்பிகளூடாக இழுத்துக்கொண்டு வரவேண்டும், அது தயங்கும். ஏற்றுவது காலையில், கரையில், ஆறுதலாக நடக்கிற வேலை. இறக்குவது காற்று முகத்தில் அடிக்கும்போது. ஏற்றத்துக்கு இலகு என்று இறக்கத்தைக் கெடுக்கும் எந்தச் சாமானையும் வள்ளத்தில் ஏற்றக்கூடாது என்பது எங்கள் நால்வருடைய முடிவு. இதில் நோர்வேக்காரிக்கும் கிளாலிக்காரிக்கும் கருத்து வேறுபாடே இல்லை. மற்ற எல்லாவற்றிலும் உண்டு.

பாய் இறங்காமல் நிற்பதற்கு நாங்கள் கண்ட காரணங்கள் எல்லாம் சின்னச் சின்னவை. தும்புக்கயிறு நனைந்து ஊதித் துவாரத்தில் இறுகும். கீழே குவிந்து கிடந்த கயிற்றில் ஒரு முறுக்கு விழுந்து, அது மேலே போய்ச் சிக்கும். நனைந்த முடிச்சு அவிழாது. எல்லாவற்றிலும் மோசமானது, தடியைப் பாய்மரத்தோடு பிடித்துவைக்கும் வளையம். பாயில் காற்று நிறைந்திருக்கும்போது அந்த வளையம் மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதில் மரமணிகளைக் கோத்துவிட்டால் அவை உருளும், வளையம் வழுக்கி இறங்கும். எங்களுக்கு மணி கிடைக்கவில்லை. தண்ணீர்க்குழாய் பொருத்தும் பிவிசி குழாயை இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டி, விளிம்பைத் தேய்த்துக் கோத்தோம். பார்க்க வடிவில்லை, வேலை செய்கிறது. தடியிலிருந்து கீழ்நோக்கி ஒரு மெல்லிய கயிறும் தொங்கவிட்டோம். தயங்கினால் அதைப் பிடித்து இழுக்கலாம். முடிச்சுக்குப் பதிலாக இரண்டு கொம்புள்ள ஒரு கட்டை. அதில் கயிற்றை எட்டுப்போலச் சுற்றினால் ஒரு கையால் அவிழும். மிச்சக் கயிறு ஒரு வாளிக்குள்.

ஒழுங்கும் முக்கியம். முதலில் பாயின் கீழ்மூலைக் கயிற்றைத் தளர்த்திக் காற்றை வெளியே விடவேண்டும், முடிந்தால் அணியத்தைக் காற்றுக்கு நேரே திருப்பவேண்டும், பிறகுதான் ஆஞ்சானை விடவேண்டும். பயத்தில் எல்லோரும் முதலில் ஆஞ்சானைத்தான் தொடுகிறார்கள். அப்போதுதான் வளையம் இறுகும், உள்ளங்கையும் உரியும்.

எங்கள் கடலோடிகளுக்கு இதெல்லாம் தெரியாதா என்று கேட்பீர்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி, 89 அடி நீளம், 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சேர்ந்தது. வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்க, எங்கள் ஆட்கள்தான் ஓட்டிப்போனார்கள். அது இரண்டு பாய்மரக் கப்பல், ஒரு தண்டையலும் அவர் சொல்வதைச் செய்யப் பல கைகளும் இருந்தன. பல கைகள் இருந்தால் உராய்வு ஒரு பொருட்டில்லை. நாங்கள் பார்க்கும் வள்ளத்தில் இருப்பது ஒன்றரை ஆள்.

ஆகவே எங்களுக்குப் பொருத்தமான உதாரணம் வேறொருவர். 1960இல் அத்திலாந்திக்கைத் தனியாளாகக் கடக்கும் முதலாவது போட்டியில் ஹஸ்லர் என்ற ஆங்கிலேயர் ஜெஸ்ரர் என்னும் சின்னப் படகில் 48 நாட்களில் நியூயோர்க் போனார், இரண்டாவது இடம். அவர் போட்டிருந்தது சீனத்துப் பாய். குறுக்கே சட்டங்கள் வைத்தது. கயிற்றை விட்டால் தன் பாரத்திலேயே பனையோலை விசிறிபோல மடிந்து கீழே வரும். படகின் நடுவிலிருந்த ஒரு துவாரத்தில் நின்றபடியே, மேல்தளத்துக்குப் போகாமல், ஏற்றவும் இறக்கவும் கூடிய மாதிரி எல்லாக் கயிறுகளையும் அங்கே கொண்டுவந்திருந்தார். சீனத்துப் பாய் தைக்க எங்களால் ஆகவில்லை. அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்தோம். பாய்மர உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் மெல்லிய கயிறு கட்டினால், இறங்கும் பாய் தண்ணீரில் விழாமல் ஏணைக்குள் பிள்ளைபோல அதற்குள்ளேயே தங்கும். நனைந்த பாயைத் தண்ணீரிலிருந்து அள்ளும் வேலை மிச்சம். முதுகுக்கும் நல்லது.

முதல் வள்ளத்தில் இதையெல்லாம் மாட்டியபின், அந்த அக்கா தானே ஏற்றி, தானே இறக்கிப் பார்த்தா. "இவ்வளவுதானோ?" என்று கேட்டா. அவவின் கணவர் கொஞ்சம் தள்ளிப்போய்ச் சுருட்டுப் பற்றவைத்தார். ஆனால் சென்ற சோளகத்தில் அவர்கள் இருவரும் தொழிலுக்குப் போனார்கள். அவருடைய தோளுக்கு ஆறு மாதமாக எங்களிடம் வரவில்லை.

இப்போது ஆறு வள்ளங்கள் கேட்டு நிற்கின்றன. ரொறன்ரோ, லண்டன், சிட்னி, ஒஸ்லோ என்று எங்கும் இருக்கும் அக்கா தங்கைமாருக்கு ஒரு விண்ணப்பம். எஞ்சின் அனுப்பவேண்டாம். உங்கள் ஊர்ப் பாய்ப்படகுச் சங்கங்களில் வருடாவருடம் கயிறும் கப்பியும் மாற்றிப் பழையதை எறிவார்கள். கேட்டால் தருவார்கள். 10 அல்லது 12 மில்லிமீற்றர் கயிறு தாராளமாக ஓடக்கூடிய கப்பி வேண்டும். சக்கரம் அகலமாக இருக்கட்டும், சின்னச் சக்கரத்தில் கயிறு மடங்கி இறுகும். துருப்பிடிக்கும் இரும்பு வேண்டாம், உப்புக் களப்பில் ஒரு வருடம் தாங்காது. குழாய்த் துண்டுகளை நாங்கள் இங்கேயே வெட்டிக்கொள்கிறோம். சோளகம் தொடங்குமுன், சித்திரைக்குள் வந்துசேர்ந்தால் நல்லது.